சீருடைக்குப் பிறகு சூட்டா, பிளேசரா? நேர்காணலுக்குப் போகும் அமெரிக்கப் படைவீரருக்கு ஓர் ஒப்பீடு

அமெரிக்கப் படையிலிருந்து விலகப்போகிறவருக்கு ஒரு நிறுவனத்திலிருந்து முதல் நேர்காணல் அழைப்பு வந்ததும், சம்பளம் எவ்வளவு கேட்பது என்ற யோசனைக்கு முன்பே இன்னொரு யோசனை வந்துவிடுகிறது: அன்று எதை உடுத்திக்கொண்டு போவது? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அற்பமாகத் தெரியலாம். பதினெட்டு வயதில் படையில் சேர்ந்த ஒருவருக்கு, வேலைக்கு என்ன உடுத்த வேண்டும் என்பதை அதுவரை வேறு யாரோதான் முடிவு செய்திருக்கிறார்கள். எந்த நாளுக்கு எந்தச் சட்டை, காலுறை என்ன நிறம், பதக்கங்களைக் குறிக்கும் வண்ணப் பட்டை சட்டைப் பையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்பது வரை விதிப் புத்தகத்தில் இருக்கும். அந்தப் புத்தகம் திடீரென்று கையைவிட்டுப் போகும்போது தடுமாற்றம் இயல்புதான்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. 2009இல் தொடங்கி 2016இல் நிறுத்தப்பட்ட மாவ்னி திட்டத்தில், அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்களையும் மொழித்திறனுக்காகப் படையில் சேர்த்தார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்து படைக்குப் போன நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் பலருக்கு இந்தக் கேள்வி இப்போதோ அடுத்த சில ஆண்டுகளிலோ வரும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குக் கருநீலத்திலோ கரும்சாம்பலிலோ ஒரு சூட் போதும். அதையும் கோட்டும் பேண்டும் தனித்தனி அளவில் வாங்கிக்கொள்ள முடிகிற வகையில் எடுக்க வேண்டும். ஏன் என்பதற்கு மற்ற வழிகளையும் பார்த்துவிட வேண்டும்.

முழுச் சீருடை

ஆசையின் நியாயத்தை ஒப்புக்கொள்வோம். அலமாரியில் ஏற்கெனவே ஓர் உடை தொங்குகிறது. உடம்புக்குப் பொருந்துமாறு தையற்காரரிடம் கொடுத்துச் சரிசெய்தது. புதிதாகச் செலவு இல்லை. அதை அணிந்து நிற்கும்போது வரும் நிமிர்வு வேறெந்த உடையிலும் வராது. பத்து வருட உழைப்பு நெஞ்சில் வண்ணப் பட்டைகளாக வரிசையாக இருக்கிறது. இதைவிட நல்ல அறிமுகம் வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

முதல் தடை சட்டம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 1334.01 என்ற எண்ணுள்ள ஆணை, 2005 அக்டோபரில் வெளியானது. அரசியல் செயல்பாடு, தனியார் வேலை, வணிக நலன் ஆகியவற்றை முன்னெடுக்கும் சமயங்களில், அதற்குப் படையின் ஆதரவு இருப்பதாக மற்றவர்கள் எண்ண இடமிருந்தால் சீருடை அணியக் கூடாது என்கிறது அது. தரைப்படையின் 670-1 விதியும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. ஒரு நிறுவனத்தில் வேலை கேட்டு உட்கார்ந்திருப்பது தனியார் வேலையை முன்னெடுப்பது இல்லை என்று வாதாட வேண்டுமானால் நல்ல வழக்கறிஞர் தேவைப்படுவார். வேலை தேடும் நேரத்தில் அந்தச் சோதனை எதற்கு?

இறுதி விடுப்பில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வருகிறது. மிச்சமிருக்கும் விடுப்பு நாட்களை எல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாலும், விடுவிப்புத் தேதி வரை அவர் பணியில் இருக்கும் படைவீரர்தான். சம்பளம் வருகிறது, விதிகளும் கூடவே வருகின்றன. முறையான அனுமதியோடு அந்த நாட்களில் வெளிவேலையில் சேரலாம். அங்கே சீருடையில் போய் நிற்க அது அனுமதி ஆகாது.

விடுவிக்கப்பட்ட பின்பு கதை இன்னும் இறுகுகிறது. படையில் இல்லாதவர் சீருடை அணியக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். அதற்கு விலக்குகள் உண்டு. நற்பெயருடன் விடுவிக்கப்பட்டவர், விடுவிக்கப்பட்ட இடத்திலிருந்து தம் வீட்டுக்குப் போகும்போது, மூன்று மாதத்துக்குள், சீருடை அணியலாம். வீட்டுக்குப் போகும் வழிக்குத்தான் அந்தச் சலுகை. வழியில் ஒரு நேர்காணலை முடித்துவிட்டுப் போகலாம் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

இந்தத் தவிப்பு புதியதும் அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் ஊர் திரும்பியபோது அமெரிக்காவில் துணித் தட்டுப்பாடு. கடையில் சூட் கிடைக்கவில்லை. அதனால் விடுவிப்புக்குப் பிறகும் 30 நாட்கள் சீருடையோடு நடமாட அனுமதித்தார்கள். வலது மார்புப் பைக்கு மேல் சிறகு விரித்த கழுகுச் சின்னம் ஒன்றைத் தைத்துக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்தால் ராணுவப் போலீஸ்காரர் ‘ஓடிவந்தவனோ’ என்று மடக்க மாட்டார். கழுகு சரியாக அமையவில்லை போலும், வீரர்கள் அதற்கு ‘குடலிறங்கிய வாத்து’ என்று பொருள்படும் பெயரை வைத்துவிட்டார்கள். பிரிட்டனோ விடுவிக்கப்பட்ட ஆண்கள் ஒவ்வொருவருக்கும் அரசுச் செலவிலேயே ஒரு சூட் கொடுத்து அனுப்பியது. அளவு பொருந்தாத சூட்டுகளைப் பற்றி அங்கே அன்று ஓடிய கேலிகள் ஏராளம்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சீருடை உதவாது என்பதே என் கருத்து. கேள்வி கேட்பவர் படையை மதிப்பவராக இருந்தால் பட்டைகளைப் பார்த்து நெகிழ்ந்துபோவார்; பேச்சு நீங்கள் இருந்த முகாமுக்கும் போர்முனைக்கும் போய்விடும். கிடங்கு நிர்வாகத்தில் உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்க இருந்த பத்து நிமிடம் அதில் கரையும். படையைப் பற்றி ஒன்றும் தெரியாதவராக இருந்தால் அந்தப் பட்டைகள் அவருக்கு வெறும் வண்ணத் துணி. படை மீது மனத்தாங்கல் உள்ளவராக இருந்தால் சொல்லவே வேண்டாம். மூன்று பேருமே உங்களைத் தங்கள் அலுவலக நாற்காலியில் பொருத்திப் பார்க்கத் திணறுவார்கள்.

விதிவிலக்கு இருக்கிறது. பள்ளிகளில் நடக்கும் இளையோர் படைப்பயிற்சிப் பிரிவின் ஆசிரியர் வேலைக்கு ஓய்வுபெற்ற படையினரைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள், வேலையிலும் சீருடைதான். அங்கே நேர்காணலுக்கும் சீருடை பொருத்தமாக இருக்கலாம், பள்ளியிடம் கேட்டுவிட்டுப் போகலாம். படைத்தளத்துக்குள்ளேயே வேலைவாய்ப்பு முகாம் நடத்தும்போது பணி நேரத்தில் அப்படியே வந்து போகச் சொல்வதும் உண்டு. அங்கும்கூட சூட்டில் வந்தவரிடம்தான் நிறுவனத்தார் கொஞ்சம் கூடுதலாக நின்று பேசுவார்கள் என்று நினைக்கிறேன்.

பாதி சீருடை

சட்டமும் மீறக் கூடாது, செலவும் கூடாது என்று நினைப்பவர்கள் கண்டுபிடிக்கும் நடுவழி இது. சின்னங்களைக் கழற்றிவிட்டு அதே கோட்டு; அல்லது சீருடைப் பேண்டோடு கடையில் வாங்கிய சட்டை. இருக்கிற வழிகளிலேயே மோசமானது இதுதான். சீருடையை மற்ற உடையோடு கலந்து அணிவதை விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதைவிட, பார்ப்பதற்கே அது சரியாக அமையாது. பேண்டின் பக்கவாட்டில் ஓடும் பட்டைக் கோடு, பளபளக்கும் பித்தளைப் பக்கிள், தோளில் பதவிச் சின்னம் இருந்த இடத்தின் தடம் எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். சீருடைக் கறுப்பு டையை வெள்ளைச் சட்டையின் மேல் கட்டிக்கொண்டு போனால் இரங்கல் கூட்டத்துக்கு வந்தவர் போலவோ உணவு பரிமாற வந்தவர் போலவோ இருக்கும்.

ஷூ மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம். சின்னம் எதுவும் இல்லாத கறுப்புத் தோல் ஷூ என்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். கண்ணாடி போல மின்னும் செயற்கைத் தோல் ஷூ வேண்டாம். அதைப் படையினர் இன்னும் ‘கார்ஃபாம்’ என்றே சொல்கிறார்கள். டூபான்ட் நிறுவனம் 1960களில் அந்தச் செயற்கைத் தோலைக் கொண்டுவந்து, பொதுச் சந்தையில் எடுபடாமல் 1971இல் கைவிட்டது. பெயர் மட்டும் படையில் தங்கிவிட்டது. சூட்டுக்குக் கீழே அந்த மினுமினுப்பு நாடகக் கலைஞரின் ஷூ போலத் தெரியும். பாலிஷ் போடும் பழக்கத்தை விட வேண்டாம், உண்மையான தோலில் அதைக் காட்டுங்கள்.

சீருடையிலிருந்து எடுத்துவர ஒரே ஒரு பொருளுக்கு நான் இடம் கொடுப்பேன்: கோட்டின் இடது மடிப்பில் குத்தும் சிறிய ஊசிச் சின்னம். பல பதக்கங்களோடு சாதாரண உடையில் அணிவதற்கென்றே அது தரப்படுகிறது. தெரிந்தவர் கண்ணில் படும். தெரியாதவரைத் தொந்தரவு செய்யாது. ஒன்று போதும்.

சூட்டும் பிளேசரும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

சூட் என்றால் கோட்டும் பேண்டும் ஒரே துணியில். பிளேசர் என்றால் கோட்டு ஒரு நிறம், பேண்ட் வேறு. வங்கி, காப்பீடு, ஆலோசனை நிறுவனம், பாதுகாப்புத் தளவாட ஒப்பந்த நிறுவனம், அரசு வேலை, காவல் துறைத் தேர்வுக்குழு என்று எங்கே போனாலும் சூட் தவறாகாது. மென்பொருள் நிறுவனம், சிறு தொழிலகம், பள்ளி, தொண்டு நிறுவனம் போன்ற இடங்களில் பிளேசர் இயல்பாக இருக்கும், அங்கே முழு சூட் கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம். ஆனால் அதிகமாக உடுத்திப்போனவர் டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம். குறைவாக உடுத்திப்போனவருக்கு அப்படி ஒரு வழி இல்லை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சூட் என்று நான் சொல்வது இதனால்.

பிளேசர் பக்கம் சாய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கருநீலக் கோட்டில் பித்தளைப் பொத்தான் வைத்த வகை, கடற்படை உடைக்குச் சொந்தக்காரன். கடற்படையில் இருந்து வந்தவர் அதைப் போட்டால் இன்னும் கப்பலிலிருந்து இறங்காதவர் போலவே இருப்பார். மங்கிய நிறத்தில் கொம்புப் பொத்தானோ பிளாஸ்டிக் பொத்தானோ வைத்ததை எடுங்கள்.

இனி, படையினர் சூட் வாங்கப் போகும்போது பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம். அமெரிக்கக் கடைகளில் சூட்டின் எண் மார்பளவை அங்குலத்தில் சொல்வது. கூடவே உயரத்துக்கு ஏற்பக் குட்டை, சாதாரணம், நெட்டை என்று வகை. ஜோடியாகத் தொங்கும் சூட்டில் மார்புக்கும் இடுப்புக்கும் வழக்கமாக 6 அங்குல வித்தியாசம் வைத்திருப்பார்கள். 42 கோட்டு என்றால் கூட வருவது 36 பேண்ட். தினமும் ஓடியும் எடை தூக்கியும் வளர்ந்த உடம்புக்கு மார்பு 42 இருந்தால் இடுப்பு 32 இருக்கும். நான்கு அங்குலத்தைப் பிடித்துத் தரச் சொன்னால் தையற்காரர் மறுக்காமல் பிடித்துத் தருவார். பின்பக்கத்தில் இரண்டு பைகளும் நெருங்கி ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும், முன்மடிப்பு பக்கவாட்டுக்கு ஓடும். இடுப்பைப் பார்த்து 38 கோட்டு எடுத்தாலோ தோள் இறுகி, கை நீட்டிக் குலுக்கும்போது முதுகு பிளந்துவிடும் போலிருக்கும். ஆகவே கோட்டையும் பேண்டையும் ஒரே துணியில் தனித்தனி அளவாக விற்கும் கடைக்குப் போங்கள். 42 கோட்டு, 32 பேண்ட், வேலை முடிந்தது.

கடையில் போட்டுப் பார்க்கும்போது முதலில் தோளைப் பாருங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் முடிய வேண்டும். தோளைத் திருத்துவது செலவான வேலை, சரியாக வருவதும் அரிது. கைநீளம், கோட்டின் இடை, பேண்டின் கீழ்மடிப்பு மூன்றையும் எந்தத் தையற்காரரும் திருத்திவிடுவார். விலை குறைந்த சூட்டை வாங்கி மிச்சப் பணத்தைத் தையற்காரருக்குக் கொடுப்பது, விலை உயர்ந்ததை அப்படியே மாட்டிக்கொள்வதைவிட நல்ல கணக்கு. நேர்காணலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பின்பக்கப் பிளவில் ஒரு தடித்த நூலால் குறுக்கு நெடுக்காகத் தையல் போட்டிருக்கும். கடையில் கசங்காமல் இருக்கப் போட்டது அது, வெட்டி எடுத்துவிட வேண்டும். வெளிப்பைகளின் வாய் தைத்திருக்கும். இடது கைமடிப்பின் மேல் நிறுவனத்தின் பெயர்த் துணி ஒட்டியிருக்கும். நேர்காணல் அறைக்குள் அந்தப் பெயர்த் துணியோடு நுழைகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். சீருடையில் ஒரு நூல் தொங்கினால் பொறுக்காதவர்கள்தான் அவர்களும். அது நீக்கவேண்டிய பொருள் என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவே.

பொத்தான் விஷயமும் அப்படித்தான். படைக் கோட்டில் எல்லாப் பொத்தானையும் போட வேண்டும். இரண்டு பொத்தான் சூட்டில் மேலே உள்ளதை மட்டும் போட வேண்டும், உட்காரும்போது அதையும் அவிழ்த்துவிட வேண்டும். பழக்கம் கையை இழுக்கும். டையின் நுனி பெல்ட்டுப் பக்கிளைத் தொட்டால் போதும்.

படையிலிருந்து கொண்டுவரத் தக்க பழக்கம் ஒன்று உண்டு. சட்டையின் பொத்தான் பட்டை, பக்கிளின் விளிம்பு, பேண்டின் முன்திறப்பு மூன்றும் மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்று பயிற்சி முகாமின் முதல் வாரத்திலேயே கத்திக் கத்திச் சொல்லித் தருவார்கள். ‘கிக் லைன்’ என்று அதற்குப் பெயர். நிறுவனத்தில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. ஆனால் அது சரியாக இருக்கும் ஆளைப் பார்த்தால் ஏதோ ஒன்று ஒழுங்காக இருக்கிறது என்று எல்லோருக்கும் படும். சட்டையைப் பக்கவாட்டில் மடித்து இடுப்பில் செருகும் முறையையும் விட்டுவிடாதீர்கள்.

கோட்டே வேண்டாத இடங்கள்

விமானப் பழுதுபார்ப்பு, மின்கம்பி வேலை, லாரி ஓட்டுதல், கட்டுமான மேற்பார்வை, எண்ணெய்க் கிணறு என்று கைவேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களில் நேர்காணல் முடிந்ததும் ‘வாருங்கள், இடத்தைச் சுற்றிப் பார்க்கலாம்’ என்று அழைத்துப்போவார்கள். அங்கே சூட்டில் போனவர், எண்ணெய்ப் படலத்தைத் தாண்டித் தாண்டி நடக்க வேண்டியிருக்கும். காலர் வைத்த இஸ்திரி போட்ட சட்டை, அழுத்தமான நிறத்தில் பருத்திப் பேண்ட், துடைத்த தோல் ஷூ சரியாக இருக்கும். படை பூட்ஸ் வேண்டாம், மணல் நிறத்தில் இருந்தால் நிச்சயம் வேண்டாம். ஜீன்ஸ் அங்கே வேலை செய்பவருக்கு அழகு. வேலை கேட்டு வருபவருக்கு இன்னும் இல்லை.

எந்த உடை சரி என்று தெரியாதபோது, அழைப்பு அனுப்பிய மனிதவளப் பிரிவுக்கு ஒரு வரி எழுதிக் கேட்டுவிடலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பணிக்காலத்தின் கடைசி 180 நாட்களுக்குள் ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெற அனுமதிக்கும் ஸ்கில்பிரிட்ஜ் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிது. சுற்றியுள்ள பத்துப் பேர் திங்கட்கிழமை என்ன உடுத்துகிறார்கள் என்று பார்த்தாலே அந்தத் துறையின் உடை பிடிபட்டுவிடும். விடுவிப்புக்குக் குறைந்தது ஓராண்டு முன்பே தொடங்க வேண்டிய டேப் எனும் மாறுகால உதவி வகுப்புகளிலும் இதைக் கேட்கலாம்; 2011ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஏறக்குறைய எல்லோருக்கும் அது கட்டாயம்.

பெண்களுக்கு

பெண் வீரர்களுக்குத் தேர்வு அதிகம், அதனால் குழப்பமும் அதிகம். பேண்ட் சூட்டா, பாவாடை சூட்டா என்ற கேள்விக்கு எது போட்டால் படியேறவும் குனியவும் யோசிக்க வேண்டாமோ அதுவே விடை. அளவு எண்கள் ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துவராது. எண்ணை நம்பி இணையத்தில் வாங்காமல் போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஓடியும் சுமை தூக்கியும் அகன்ற தோளுக்குப் பெண்கள் கோட்டு பொருந்துவது கடினம், தோளுக்கு எடுத்து இடையைத் திருத்திக்கொள்ளுங்கள். தலைமுடியைப் பின்னால் இறுக்கிக் கொண்டைபோட்டே பழகியவர்கள், விரும்பினால் அப்படியே போகலாம். 2021இல் தரைப்படையே குதிரைவால் முடிக்கு இடம் கொடுத்துவிட்டது. வாங்க வசதி இல்லையென்றால், நியூயார்க்கில் தொடங்கிய ‘டிரெஸ் ஃபார் சக்சஸ்’ என்ற தொண்டு அமைப்பு நேர்காணலுக்குப் போகும் பெண்களுக்கு உடை கொடுத்து உதவுகிறது.

சில்லறை விஷயங்கள்

தடித்த ரப்பர் கைக்கடிகாரத்தை அன்று வீட்டில் விட்டுவிடுங்கள். உருமறைப்புத் துணியில் தைத்த முதுகுப்பைக்குப் பதில் சாதாரணக் கோப்பு ஒன்று போதும். விண்ணப்பப் படிகள், பேனா, விடுவிப்புச் சான்றான டிடி 214 படிவத்தின் நகல் ஆகியவற்றை அதில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் படிவத்தை அவர்கள் கேட்டால் மட்டும் எடுங்கள், அதில் தனிப்பட்ட விவரங்கள் நிறைய. முடி ஒட்ட வெட்டியிருந்தால் கவலை வேண்டாம், அதை யாரும் குறையாகக் கொள்வதில்லை. விலகியதைக் கொண்டாடத் தாடி வளர்க்கிறவர்கள், நேர்காணல் நாளில் அது பாதி வளர்ந்த நிலையில் இருக்குமா என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரை வழி நேர்காணலுக்கும் மேற்சொன்னவைதான். இடுப்புக்குக் கீழே உடற்பயிற்சிக் கால்சட்டையோடு உட்கார்ந்தால் யாருக்குத் தெரியும் என்பவர்கள், வாசலில் அழைப்புமணி அடிக்கும்போது தெரிந்துகொள்வார்கள். நெருக்கமான கோடுபோட்ட சட்டை கேமராவில் அலைபாயும். வெளிர்நீல வெற்றுச் சட்டை பாதுகாப்பானது. பின்சுவரில் மாட்டிய பதக்கப் பெட்டியும் மடித்த கொடியும் திரையில் தெரிந்தால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போடுங்கள். சீருடையைப் பற்றி மேலே சொன்ன அதே காரணம்தான்.

இரண்டாம் சுற்றுக்கு அழைத்தால் புதிய சூட் வாங்க ஓட வேண்டாம். அதே சூட், வேறு சட்டை, வேறு டை. இரண்டு சட்டையும் இரண்டு டையும் இருந்தால் நான்கு சுற்று வரை தாங்கும்.